காஞ்சிப் பட்டு டிசைனில் ஏஐ: கிராஃப் போடுறவருக்குத் துணையா, போட்டியா?

பாவும்_ஊடையும்:
படம் வரையும் ஏஐயிடம் "காஞ்சிப் பட்டு முந்தி" என்று தட்டினால் ஒரு நிமிடத்தில் நாலு படம் வந்து விழுகிறது. படத்தைத் தறிக்கான கட்டங்களாகக் கிராஃப் தாளில் போடும் டிசைனர் பிழைப்புக்கே இது வேட்டு என்று ஒரு பக்கம், இனி டிசைனரே வேண்டாம் என்று இன்னொரு பக்கம். இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஒரு கரைக்கு ஐந்து மாதிரி வரையும் நேரத்தில் ஐம்பது அமைப்பைப் பார்த்துவிட முடிகிறது. அதில் நாற்பத்தெட்டைத் தள்ளுகிற கண் மட்டும் மனிதருடையதாக இருந்தால் போதும். மறுப்பவர்கள் காரணத்தோடு வாங்க.

கொக்கி240:
தள்ளுறதுக்கு முன்னாடி, அதுல ஒண்ணாவது தறியில ஏறுமான்னு பாருங்க. ஜக்கார்டுன்னா கொக்கியால இழையைத் தூக்கி டிசைன் போடுற தறிக் கருவி. 240 கொக்கி ஜக்கார்டு, ஒரு கொக்கிக்கு ஒரு இழை, அங்குலத்துக்கு 80 பாவு இழை (நீள நூல்), 60 ஊடை (குறுக்கு நூல்)ன்னு வெச்சுக்குவோம். 240 கொக்கின்னா 3 அங்குல அகலம். மயில் சதுரமா வரணும்னா உயரமும் 3 அங்குலம், அதாவது 180 ஊடை; ஒரு ஊடைக்கு ஒரு துளை அட்டைன்னா 180 அட்டை. ஏஐ கொடுக்கிற சதுரப் படத்தை 240க்கு 240ன்னு சுருக்கி அப்படியே ஏத்தினா 4 அங்குல உயரத்துக்கு மயில் கொக்கு மாதிரி நீண்டு நிக்கும்.

அடுத்தது மிதவை, அதாவது எங்கேயும் கட்டுப்படாம மேலே கிடக்கிற இழை. படத்துல மயிலோட உடம்பு முழுக்கத் தங்கமா நிரப்பியிருக்கும். 40 கொக்கி அகலத்துக்கு இழையைப் பிடிச்சு வைக்கிற கட்டுப் புள்ளி ஒண்ணு கூட இல்லன்னா ஜரிகை அரை அங்குலம் தொங்கும். முதல் தடவை கட்டும்போதே வளையல்ல மாட்டி இழுபடும். அந்த இடத்துல எங்கே புள்ளி வெச்சா இறகு மாதிரி தெரியும், எங்கே வெச்சா அம்மைத் தழும்பு மாதிரி தெரியும்னு முடிவு பண்றதுதான் டிசைன். படம் அதுக்கு முன்னாடி இருக்கிற ஆசை, அவ்வளவுதான்.

பாவும்_ஊடையும்:
நீங்கள் சொல்வது அத்தனையும் சரி, அண்ணா. அதனால்தான் ஏஐ கிராஃப் தாளுக்கு முந்தைய கட்டத்தோடு நிற்க வேண்டும் என்கிறேன். படத்தை முதலில் 240க்கு 180 ஆக்கணும். ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் நிறங்களை மூன்றாகக் குறைக்கும்போது, புள்ளிகளைக் கலந்து இடைநிறம் காட்டும் டிதரிங்கை அணைக்கணும், இல்லாவிட்டால் பொடிப் பொடியாகப் புள்ளி விழுந்து ஒவ்வொன்றும் தறியில் இழையைத் தவறாகத் தூக்கும். 1024 பிக்சல் அகலப் படம் 240 ஆகும்போது நாலேகால் பிக்சல் ஒன்றாகிறது. நாலு பிக்சலை விட மெல்லிய கோடு எல்லாம் அறுந்துபோகும். மயில் கொண்டையும் கொடியின் காம்பும் அதில்தான் போகும். அவற்றைக் கையால் திரும்ப வரைந்தே ஆகணும்.

மல்லிமொக்கு:
கொக்கி அண்ணா சொல்லாத ஒன்று. எல்லோரும் ஒரே ஏஐயிடம் ஒரே சொல்லைக் கேட்டால் எல்லாக் கடையிலும் ஒரே சேலை. 2024இல் சயின்ஸ் அட்வான்சஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. சிறுகதை எழுதுபவர்களுக்கு ஏஐ யோசனை கொடுத்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் கதைகள் மேம்பட்டன. மொத்தமாக அடுக்கிப் பார்த்தால், ஏஐ இல்லாமல் எழுதியவற்றைவிட ஒன்றையொன்று அதிகம் ஒத்திருந்தன. சேலை வியாபாரத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது. இருதலைப்பட்சி கேட்டால் ஐரோப்பிய அரச முத்திரைக் கழுகு வருகிறது, யாளி கேட்டால் சீனத்துச் சிங்கம் வருகிறது. நம் உருவங்களை இப்படிக் கைநழுவ விட்டால் மனசு பொறுக்கவில்லை.

பாவும்_ஊடையும்:
அங்கேதான் வரிசை முக்கியம், மல்லிமொக்கு. வெறும் சொல்லில் தொடங்காதீர்கள். முதலில் பென்சில் ஓவியம், இல்லையென்றால் நீங்களே போட்ட பழைய கிராஃப். அதை ஸ்டேபிள் டிஃபியூஷன் என்ற படம் வரையும் ஏஐயில் மூலப் படமாகக் கொடுத்து, படத்தை எவ்வளவு மாற்றலாம் என்று சொல்லும் டீநாய்சிங் அளவை 0.3, 0.4 என்று வையுங்கள். உருவம் உங்களுடையதாகவே இருக்கும், உள் நிரப்பும் கொடியும் மட்டும் மாறிவரும். 0.7 தாண்டினால் உங்கள் யாளி காணாமல் போய்விடும். இருதலைப்பட்சிக்கு இரண்டு தலையும் ஒன்றுபோல வராது. நல்ல பாதியை மட்டும் வெட்டி வைத்துக் கண்ணாடிபோலத் திருப்புங்கள். கரை தொடர்ந்து ஓட, விளிம்போடு விளிம்பு பொருந்த வைக்கும் டைலிங்கைப் போடுங்கள். கணினியில் 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் இதெல்லாம் வீட்டிலேயே ஓடும், கடைக்காரர் டிசைன் வெளியே போகாது.

மல்லிமொக்கு:
உருவத்துக்குச் சரி, ஒத்துக்கொள்கிறேன். நிறத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். நீலப் பாவில் பச்சை ஊடை போனால் மயில்கழுத்து; மடிப்பில் ஒரு நிறம், விரிப்பில் ஒரு நிறம். ஏஐ படத்தில் அது ஒரே தட்டையான நீலப்பச்சை. அதைக் காட்டி ஆர்டர் வாங்கினால், சேலை வந்ததும் "படத்தில் பார்த்தது இது இல்லையே" என்று திரும்பி வரும். நிறத்துக்குச் சாயம் போட்ட நூலை இரண்டு இரண்டாக முறுக்கி வெயிலில் காட்டுங்கள். வேறு வழியில்லை.

பதிவுஎண்:
நடுவில் ஒரு எச்சரிக்கை. பிடித்த படத்தை உடனே இன்ஸ்டாகிராமில் போட்டு "எது வேண்டும்?" என்று வாடிக்கையாளரைக் கேட்கிறார்கள். 2000ஆம் ஆண்டு டிசைன் சட்டப்படி, பதிவு செய்யும் முன் வெளியே வந்த டிசைன் புதியதாகக் கருதப்படாது, 10 ஆண்டுப் பாதுகாப்பும் அதற்குப் பின் 5 ஆண்டு நீட்டிப்பும் போயிற்று. பதிவுக்குத் தகுதியிருந்தும் பதியாமல் விட்டால், தொழில்முறை உற்பத்தியில் 50 பிரதிக்கு மேல் போனதும் பதிப்புரிமையும் நிற்காது. வரைந்தது கையா ஏஐயா என்பதைப் பார்ப்பதற்கு முன்பே உரிமை போய்விடும். முதலில் விண்ணப்பம், பிறகு போஸ்ட்.

கொக்கி240:
இவ்வளவு பேசினதுல கூலியை யாருமே தொடல. இப்போ கடைக்காரர் ஏஐ படத்தைக் கையில வெச்சுக்கிட்டு, "படம் ரெடியா இருக்கே, கிராஃப் மட்டும்தானே, பாதி காசு போதும்"ங்கிறார். டிசைனருக்குத் துணைன்னு பாவும் ஊடையும் சொல்ற சாமான், பேரத்துல அவருக்கு எதிராத்தான் நிக்குது.

பாவும்_ஊடையும்:
இதில் உங்கள் பக்கம்தான் நான். படத்துக்கு இவ்வளவு என்று பேசுவதை விட்டு, கொக்கியையும் அட்டையையும் பெருக்கி விலை சொல்லுங்கள் அண்ணா. படம் யார் கொடுத்தாலும் அது மாறாது. அறுந்த கோட்டைத் திரும்ப வரைவதற்குத் தனிக் கூலி என்றும் ரசீதில் எழுதுங்கள்.

கொக்கி240:
எழுதலாம். 240க்கு 180ன்னா 43,200 கட்டம். ஒவ்வொண்ணுலயும் இழையைத் தூக்கணுமா விடணுமான்னு ஒரு ஆள் உக்காந்து பார்க்கணும். அந்த எண்ணை ரசீதுலயே போடச் சொல்றேன், கடைக்காரர் கண்ணுல படட்டும்.