நகராட்சியில் யாரிடம் என்ன அதிகாரம்? தெருவுக்கு வடிகால் கேட்க யாரைப் பிடிப்பது?

தெற்குத்தெரு:
எங்கள் ஊர் பேரூராட்சியாக இருந்து நகராட்சி ஆகிவிட்டது. முன்பெல்லாம் செயல் அலுவலரைப் பார்த்தால் போதும். இப்போது சேர்மன், ஆணையாளர், இன்ஜினியர் என்று ஆளுக்கொரு அறை. தெருவில் 60 மீட்டருக்கு மழைநீர் வடிகால் வேண்டும். கவுன்சிலர் "கமிஷனரிடம் சொல்லியாச்சு" என்கிறார். ஆபீசில் கேட்டால் "மன்றத்தில் வரட்டும்" என்கிறார்கள். யார்தான் முடிவு செய்வது?

கோப்புக்கட்டு:
இருவர் சொல்வதும் உண்மைதான். மன்றம், அதாவது கவுன்சிலர்கள் கூட்டம், தீர்மானம் போடும், ஆணையாளர் நிறைவேற்றுவார். ஆணையாளரைப் போடுவதும் மாற்றுவதும் மாநில அரசு. சேர்மனைத் தேர்ந்தெடுப்பது கவுன்சிலர்கள். கடைசியாக 2022 மார்ச் 4 அன்று மறைமுகத் தேர்தல் நடந்தது. அதனால் சேர்மனும் ஆணையாளரும் ஒத்துப்போகாத ஊரில் கோப்பு நகராது.

வாயால் சொன்னதற்குக் கோப்பே கிடையாது. மனு எழுதி, தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் வரிசை எண்ணும் வாங்குங்கள். அது பொறியியல் பிரிவுக்குப் போகும். உதவிப் பொறியாளர் இடத்தை அளந்து மதிப்பீடு போடுவார். பிறகு தொழில்நுட்ப அனுமதி, அஜெண்டாவில் ஏறி மன்றத் தீர்மானம், டெண்டர், ஒப்பந்தக் குழு, வேலை உத்தரவு.

பெரும்பாலும் சிக்குவது "எந்த நிதியிலிருந்து" என்ற இடத்தில். வருவாய் நிதி, குடிநீர் வடிகால் நிதி (இங்கே வடிகால் என்றால் பாதாளச் சாக்கடை), தொடக்கக் கல்வி நிதி எல்லாம் தனித்தனிக் கணக்குகள். பாதாளச் சாக்கடைக் கணக்கில் பணம் கிடக்கிறதே என்று மழைநீர் வடிகாலுக்கு எடுக்க முடியாது. நிதித் தலைப்பு, அதாவது அந்த வேலைக்கான கணக்கு, காலியாக இருந்தால் மதிப்பீடு அப்படியே தூங்கும்.

மட்டப்பலகை:
அதெல்லாம் சரி, அந்த 60 மீட்டர் தண்ணீரை எங்கே விடப்போகிறீர்கள்? 200-க்கு 1 சரிவு (200 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம்) வைத்தால்கூடக் கடைசி முனை 30 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். மட்டம் பார்க்காமல் போட்ட வடிகாலில் தண்ணீர் தேங்கிக் கொசு வளரும், அப்புறம் துப்புரவு ஆய்வாளரைத் திட்டுவார்கள். தெரு முனையில் இருக்கும் ரோடு யாருடையது?

தெற்குத்தெரு:
நெடுஞ்சாலைத் துறை ரோடு. வடிகாலும் அவர்களுடையதுதான்.

மட்டப்பலகை:
அப்படியானால் அதில் இணைக்க நெடுஞ்சாலைத் துறையின் அனுமதி வேண்டும். நகராட்சியே கடிதம் எழுதிக் கேட்கும். மனுவிலேயே இதைக் குறிப்பிட்டால், டெண்டர் விட்டபின் வேலை நிற்கும் வம்பு இருக்காது.

வார்டுவாசி:
இரண்டு விஷயம் சேர்க்கிறேன். மனுவில் 1920-ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டப் பிரிவை எழுதாதீர்கள். 2023 ஏப்ரல் 13 முதல் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998 தான் நடப்பில் உள்ளது. பழைய பிரிவு எண்ணைப் பார்த்தாலே மனுவைத் தள்ளிவைக்க ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

அடுத்தது பகுதி சபா, அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடும் கூட்டம். வார்டு குழுவுக்கு உங்கள் கவுன்சிலர்தான் தலைவர். நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில் பகுதி சபா கூடும்போது கோரிக்கையைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். பேசிவிட்டு மட்டும் வராதீர்கள்.

கோப்புக்கட்டு:
அதற்குப் பிறகும் அசையவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மூன்றே மூன்று கேளுங்கள்: மதிப்பீட்டு நகல், நிதித் தலைப்பு, மன்றத் தீர்மான எண். 30 நாளில் பதில் வர வேண்டும். "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேளுங்கள்.