அமெரிக்க அதிபரின் அன்றாடம்: நேரத்தைப் பங்கிடுவது யார், கோப்பு மேசைக்கு வருவது எப்படி?

செங்கதிர் கேட்கிறார்:

அமெரிக்க அதிபர் என்றால் செய்தியில் மூன்றே காட்சிகள்தான். விமானப் படிக்கட்டில் கையசைப்பார், மேடையில் பேசுவார், பேனாவோடு மேசையில் உட்கார்ந்திருப்பார். மிச்ச நேரமெல்லாம் அந்த மனிதர் என்னதான் செய்கிறார்? அவருடைய நாளை யார் துண்டு போட்டுக் கொடுக்கிறார்கள்? ஒரு தாள் அவர் கைக்குப் போகுமுன் யார் யார் பார்க்கிறார்கள்? மசோதாவில் கையெழுத்திடப் பத்து நாள் கெடு என்கிறார்களே, அதை எந்த நாளிலிருந்து எண்ணுவது? வீட்டுச் சாப்பாட்டுக்கு அவரே பணம் கட்டுகிறார் என்பது நிஜமா?

எந்த அதிபர் உசத்தி, எவர் மட்டம் என்ற சண்டையை வேறு இழையில் வைத்துக்கொள்ளலாம். வேலை நடக்கும் விதம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

கோப்புக்கட்டு:

நேரமும் தாளும் ஒன்றோடொன்று பின்னியவை, அதனால் சேர்த்தே எழுதுகிறேன்.

எழுவதும் தூங்குவதும் ஆளுக்கு ஆள் மாறும். ட்ரூமன் விடிந்ததும் வேக நடைக்குக் கிளம்பிவிடுவார். லிண்டன் ஜான்சன் ஒரே நாளை இரண்டு ஷிப்டாக்கிக்கொண்டார்: பிற்பகல் 2 மணி வாக்கில் முதல் ஷிப்ட் முடியும், பிறகு பைஜாமா மாட்டிக்கொண்டு ஒரு தூக்கம், 4 மணிக்கு மேல் இரண்டாவது. ஒபாமா இராத்திரியில் கண்விழித்துப் படிப்பவர். ஆனால் அடிப்படை அமைப்பு மாறுவதில்லை. காலையில் உளவுக் குறிப்பு, பகலில் சந்திப்புகள், நடுநடுவே மேசை நேரம், இரவில் மாடியிலுள்ள வீட்டுக்குப் போகும் கோப்பு.

உளவுக் குறிப்பின் வேர் 1946-இல் ட்ரூமனுக்குத் தயாரான தினச் சுருக்கம். 1961-இல் கென்னடிக்காகச் சட்டைப்பையில் அடங்கும் அளவுக்குச் சின்னதாக்கினார்கள். இன்றைய பி.டி.பி. (President's Daily Brief, அதிபரின் தினக் குறிப்பு) என்ற பெயர் 1964-இல் வந்தது. 2005 முதல் தேசிய உளவுத்துறை இயக்குநரின் அலுவலகம் இதற்குப் பொறுப்பு. 2012-இல் தாளிலிருந்து டேப்லெட்டுக்கு மாறியது. சிலர் முழுவதும் படித்துவிட்டுக் கேள்வியோடு வருவார்கள், சிலருக்கு வாய்விட்டுச் சொன்னால்தான் ஏறும். வடிவத்தை அதிபருக்கேற்ப மாற்றுவது பழைய வழக்கம்.

நேர ஒதுக்கீட்டுக்குத் தனி அலுவலகமே உண்டு. சந்திப்பு கேட்பவர் நோக்கம், வருகிறவர்கள், எத்தனை நிமிடம், அதிபர் பேச வேண்டுமா, கேமரா உண்டா என்றெல்லாம் எழுதித்தர வேண்டும். வருவதில் பெரும்பாலானவை மரியாதையான மறுப்புக் கடிதத்தோடு முடியும். ஒப்புதல் கிடைத்தவை முதலில் மாத அட்டவணையில், பிறகு வார அட்டவணையில், கடைசியில் மணி நிமிடக் கணக்கில் வந்து உட்காரும். கடைசிச் சொல் வெள்ளை மாளிகைப் பணியாளர்களின் தலைவரான சீஃப் ஆஃப் ஸ்டாஃபினுடையது. அவர் தளர்ந்தால் அமைச்சர்களும் நண்பர்களும் நேரே அதிபரின் அறையான ஓவல் அலுவலகத்துக்குள் வந்துவிடுவார்கள், பிற்பகலுக்குள் அட்டவணை சந்தி சிரிக்கும். இதற்காகவே இடையில் 'மேசை நேரம்' என்று வெற்றிடம் விட்டுவைப்பார்கள். வெளியே பார்ப்பவருக்கு அது ஓய்வாகத் தெரியும். உண்மையில் காலையில் நீண்டுபோன சந்திப்புகளை விழுங்குவது அந்த வெற்றிடம்தான்.

அயல்நாட்டுத் தலைவரோடு தொலைபேசி என்றால் இணைப்பைப் போடுவது வெள்ளை மாளிகையின் பாதுகாப்பான தகவல் மையமான சிச்சுவேஷன் ரூம். ஒருவர் பேசி முடித்தபின் மொழிபெயர்ப்பாளர் அதைத் திருப்பிச் சொல்லும் முறையில் 30 நிமிடப் பேச்சில் உருப்படியாகத் தேறுவது 15 நிமிடம்தான். அட்டவணை போடுகிறவர் இதை மறந்தால் அடுத்த ஆள் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். பேச்சை ஒலிப்பதிவு செய்வதில்லை (ரகசியமாகப் பதிவுசெய்து பதவியையே இழக்கவைத்த நிக்சனின் நாடாக்களுக்குப் பிறகு யாருக்குத்தான் அந்தத் துணிச்சல் வரும்?). பணியில் இருப்பவர்கள் கேட்டுக் குறிப்பெடுக்கிறார்கள், அதைத் துறை வல்லுநர்கள் சரிபார்க்கிறார்கள்.

இனி தாள். எல்லாத் தாளும் ஸ்டாஃப் செக்ரட்டரி என்ற ஒருவர் வழியாகப் போக வேண்டும் என்பது விதி. வெளியில் அதிகம் தெரியாத பதவி. ஆனால் வெள்ளை மாளிகையில் இதைவிட முக்கியமான பதவிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது என் கணிப்பு. ஒரு முடிவுக் குறிப்பு வந்ததும் அதைச் சட்ட ஆலோசகர், பட்ஜெட் அலுவலகம், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தொடர்புப் பிரிவு, தேவைப்பட்டால் தேசியப் பாதுகாப்புக் குழு என்று சுற்றுக்கு விடுவார், பதிலுக்குக் கெடு வைப்பார். யார் ஒத்துக்கொள்கிறார், யார் எதிர்க்கிறார் என்பதை மேலே ஒரு பக்கத்தில் சுருக்கி ஒட்டுவார். குறிப்பில் பிரச்சினை, பின்னணி, இரண்டு மூன்று வழிகள், பரிந்துரை என்று இருக்கும். அடியில் மூன்று கட்டங்கள்: ஏற்கிறேன், ஏற்கவில்லை, பேசவேண்டும். அதிபர் ஒன்றில் டிக் அடிப்பார், ஓரத்தில் இரண்டு சொல் எழுதுவார், காலையில் கோப்பு திரும்பும்.

அதிகமாகப் பிசகுவது இங்கேதான். யாரோ ஒருவர் சுற்றுக்கு விடாத தாளை நேரே கொண்டுபோய் நீட்டி, "சின்ன விஷயம்தான்" என்று கையெழுத்து வாங்கிவிடுவார். சட்டத் தரப்பு பார்த்திருக்காது, பணம் எங்கிருந்து வரும் என்று பட்ஜெட் தரப்பு சொல்லியிருக்காது. இரண்டு நாளில் முடிவைத் திரும்பப் பெற வேண்டிவரும். நிர்வாக ஆணைகளுக்கு 1962-இன் 11030-ஆம் எண் ஆணை இதைத் தடுக்கவே வழி வகுத்திருக்கிறது: வரைவு முதலில் பட்ஜெட் அலுவலகத்துக்கு, பிறகு நீதி அமைச்சகத்துக்கு, அதன்பின்தான் அதிபருக்கு. கையெழுத்தானதும் அரசிதழான ஃபெடரல் ரிஜிஸ்டரின் அலுவலகம் எண் கொடுத்து வெளியிடும்.

ஓரத்தில் கிறுக்கிய தாளும் அவருடைய சொத்தில்லை. 1978-இன் அதிபர் ஆவணச் சட்டப்படி, 1981 ஜனவரி 20 முதல் பதவிக்கு வந்தவர்களின் அலுவல் தாள்கள் அரசுக்குச் சொந்தம். பதவி முடிந்ததும் அவை தேசிய ஆவணக் காப்பகத்தின் பொறுப்புக்குப் போகும்.

---

அவைக்குறிப்பு:

மசோதாக் கெடுவை நான் எடுத்துக்கொள்கிறேன். இதில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

காங்கிரஸ் நிறைவேற்றிய நாளுக்கும் கெடுவுக்கும் சம்பந்தமே இல்லை. மசோதா தனித்தாளில் அச்சாகி, பிரதிநிதிகள் சபையின் சபாநாயகரும் செனட்டுக்குத் தலைமை தாங்குபவரும் கையொப்பமிட்டு, வெள்ளை மாளிகையில் நிர்வாக எழுத்தர் அலுவலகம் பெற்றுக்கொண்ட நாள்தான் கணக்கு. அந்த நாளை விட்டுவிட்டு மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். ஞாயிறு சேராது, மற்ற விடுமுறை நாட்கள் சேரும். உதாரணமாக 2-ஆம் தேதி திங்களன்று வந்தால் செவ்வாய் முதல் சனி வரை ஐந்து, ஞாயிறு கிடையாது, அடுத்த திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து. ஆக 13-ஆம் தேதி வெள்ளி நள்ளிரவோடு கெடு முடிகிறது.

இந்தப் பத்து நாளும் அதிபருக்கு முழுசாகக் கிடைப்பதில்லை. பட்ஜெட் அலுவலகம் மசோதாவின் நகலைச் சம்பந்தப்பட்ட துறைகளுக்கு அனுப்பி இரண்டு நாளில் கருத்துக் கேட்கும். வீட்டோ செய்யச் (மசோதாவை நிராகரிக்கச்) சொல்லும் துறை அதற்கான செய்தியின் வரைவையும் சேர்த்தே அனுப்ப வேண்டும், வெறும் 'வேண்டாம்' போதாது. எல்லாவற்றையும் தொகுத்த குறிப்பு ஐந்தாம் நாளுக்குள் வெள்ளை மாளிகைக்குப் போக வேண்டும்.

காங்கிரஸ் கூடியிருக்கும்போது அதிபர் சும்மா இருந்தால் பத்தாம் நாள் முடிந்ததும் மசோதா தானே சட்டமாகும். கெடுவுக்குள் காங்கிரஸ் கூட்டத்தை ஒத்திவைத்துப் பிரிந்துபோய் மசோதாவைத் திருப்பி அனுப்ப வழியில்லாமல் போனால் அது செத்துவிடும். பாக்கெட் வீட்டோ என்பது அதுதான். இதைத் தடுக்கப் பேருக்குச் சில நிமிடம் அவையைக் கூட்டுவதும், திரும்பிவரும் மசோதாவை வாங்கிக்கொள்ள அலுவலரை நியமிப்பதும் காங்கிரஸின் உத்தி. அதிபர்களும் சளைத்தவர்களில்லை. பாக்கெட் வீட்டோ என்று அறிவித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மசோதாவைத் திருப்பியும் அனுப்பிய சம்பவங்கள் உண்டு. சாதாரண வீட்டோவை இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்கால் முறியடிக்கலாம்.

பிடிக்காத ஒரு வரியை மட்டும் அடித்துவிட அதிபரால் முடியாது. 1996-இல் செலவினங்களுக்கு அப்படியொரு அதிகாரத்தைச் சட்டம் கொடுத்தது, 1998-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றுவிட்டது.

அதிபர் ஊரில் இல்லாவிட்டால் மசோதாவே அவரைத் தேடிப் போகும். 2022 டிசம்பர் கடைசியில் பெரிய செலவின மசோதாவை விமானத்தில் கரீபியக் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவுக்குக் கொண்டுபோய்த்தான் பைடனிடம் கையெழுத்து வாங்கினார்கள். மாற்று வழி, கையெழுத்தை நகலெடுத்துப் போடும் இயந்திரமான ஆட்டோபென். அதிபர் சொன்னால் இன்னொருவர் அவர் பெயரைப் பதிக்கலாம் என்று நீதி அமைச்சகத்தின் சட்ட ஆலோசனை அலுவலகம் 2005-இல் கருத்துச் சொன்னது. 2011 மே மாதம் ஒபாமா பிரான்சில் இருந்தபோது முதன்முதலாக ஒரு மசோதா அப்படிக் கையெழுத்தானது. முடிவெடுப்பது அதிபராகவே இருக்க வேண்டும், பேனாவை யார் பிடித்தாலும் சரி என்பதே அந்தக் கருத்தின் சாரம்.

விழாவில் பல பேனாக்கள் இருப்பது நினைவுப் பரிசுக்காக. 2010-இல் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கு 22 பேனாக்கள். ஒரு எழுத்துக்கு ஒன்றுக்கு மேல் மாற்றி மாற்றி எழுதினால் கையெழுத்து கோணலாகாமல் வேறு எப்படி இருக்கும்?

---

வரவுசெலவு:

சாப்பாட்டுக் கேள்விக்கு: நிஜம்தான்.

சம்பளம் 2001 முதல் ஆண்டுக்கு 4,00,000 டாலர். மாதாமாதம் வழங்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதோடு அலுவல் செலவுக்கு 50,000 டாலர் உண்டு, செலவழியாத மிச்சம் கருவூலத்துக்குத் திரும்பும். 1789-இல் 25,000 டாலரில் தொடங்கி இதுவரை ஐந்தே முறைதான் உயர்ந்திருக்கிறது: 1873, 1909, 1949, 1969, 2001. ஓர் அதிபரின் பதவிக் காலத்துக்குள் அவருடைய சம்பளத்தைக் கூட்டவோ குறைக்கவோ அரசியல் சட்டம் விடாது.

வாடகை, மின்சாரம், வீட்டுப் பணியாளர் சம்பளம் எல்லாம் அரசு. ஆனால் குடும்பத்தின் சொந்தச் சாப்பாடு, பற்பசை மாதிரிப் பொருட்கள், துணி உலர்சலவை, சொந்த விருந்தாளிகளுக்கான செலவு ஆகியவற்றுக்குத் வீட்டு நிர்வாகத்தைக் கவனிக்கும் தலைமை அஷர் அலுவலகத்திலிருந்து மாதம் ஒரு பில் வரும். அரசு விருந்துக்கு இது பொருந்தாது, அது வேறு கணக்கு. பில்லைப் பார்த்து நான்சி ரீகன் திகைத்துப்போனது ஊரறிந்த செய்தி. கடையில் போய் விலை பார்த்து வாங்க முடியாது, பாதுகாப்புக்குட்பட்டுப் பணியாளர்தான் வாங்குவார்கள். அதனால் ஆசைப்பட்டுக் கேட்பதெல்லாம் சத்தமில்லாமல் பில்லில் ஏறிவிடும்.

தேர்தல் பிரசாரத்துக்கு ஏர் ஃபோர்ஸ் ஒன்னில் பறந்தால் பிரசாரக் குழு தன் பங்கைத் திருப்பிக் கட்ட வேண்டும். அது அந்த விமானத்தைப் பறக்கவிடும் முழுச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

---

செங்கதிர்:

மூவருக்கும் நன்றி. ஒரே ஒரு கேள்வி பாக்கி. அதிபர் வெளிநாட்டில் இருக்கும்போதோ, ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும்போதோ பொறுப்பு யாரிடம்? தானாகவே துணை அதிபரிடம் போய்விடுமா?

---

கோப்புக்கட்டு:

வெளிநாடு போனால் எதுவும் மாறாது. ராணுவ உதவியாளர் அணு ஆயுத ஆணைக்கான பெட்டியோடு கூடவே இருப்பார், மருத்துவரும் பாதுகாப்பான தொலைத்தொடர்பும் உடன் போகும். கார்கள் முன்கூட்டியே சரக்கு விமானத்தில் போய்ச் சேர்ந்திருக்கும். சின்ன ஓடுபாதை என்றால் போயிங் 747-க்குப் பதில் 757 ரக விமானம். அதிபர் ஏறியிருக்கும் விமானப்படை விமானம் எதுவானாலும் அதன் அழைப்புப் பெயர் ஏர் ஃபோர்ஸ் ஒன்தான்.

மயக்க மருந்து வேறு கதை. அரசியல் சட்டத்தின் 25-ஆம் திருத்தத்தின் 3-ஆம் பிரிவுப்படி அதிபர் சபாநாயகருக்கும் செனட்டின் தற்காலிகத் தலைவருக்கும் கடிதம் அனுப்ப வேண்டும். அனுப்பினால் துணை அதிபர் தற்காலிக அதிபர். தெளிந்தபின் இன்னொரு கடிதம், அதிகாரம் திரும்பிவிடும். 2002-லும் 2007-லும் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் குடல் பரிசோதனைக்காக இப்படிச் செய்தார். 2021 நவம்பர் 19 அன்று பைடனின் முதல் கடிதம் காலை 10.10-க்கு, இரண்டாவது 11.35-க்கு. அந்த 85 நிமிடம் அதிகாரம் கமலா ஹாரிஸிடம் இருந்தது.

---

அவைக்குறிப்பு:

மேலே சொன்னதோடு ஒன்று. 3-ஆம் பிரிவு அதிபர் சுயநினைவோடு முன்கூட்டியே எழுதினால்தான் வேலை செய்யும். 1981 மார்ச் 30 அன்று ரீகன் சுடப்பட்டு அறுவை சிகிச்சைக்குப் போனபோது அதற்கு அவகாசமே இல்லை. அந்த மாதிரி நேரத்துக்கானது 4-ஆம் பிரிவு: துணை அதிபரும் அமைச்சரவையில் பெரும்பான்மையினரும் கையெழுத்திட வேண்டும். அன்று வெள்ளை மாளிகையில் தாள்கள் தயாராகியும் யாரும் கையெழுத்திடவில்லை, துணை அதிபர் புஷ் (மேலே சொன்ன புஷ்ஷின் தந்தை) டெக்சாஸிலிருந்து திரும்பி வரும் விமானத்தில் இருந்தார். 4-ஆம் பிரிவை இதுவரை ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை.