புதுப்பிப்பு: அக்கா மகனின் இடுப்பு வலி, எக்ஸ்ரேக்குப் பிறகு

கடலூர் அண்ணா விளையாட்டரங்கில் 100 மீட்டர் ஓட்டத்துக்குப் பயிற்சி எடுக்கும் என் அக்கா மகன், வயது 15, புறப்பட்ட வேகத்தில் இடுப்பின் முன்பக்கம் 'டொக்'கென்று கேட்டதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டான் என்று முன்பு எழுதியிருந்தேன். எண்ணெய் போட்டு உருவச் சொன்னவர்களே அதிகம். நல்லவேளை, அக்கா யாரையும் தொட விடவில்லை.

புதுச்சேரியில் எலும்பு மருத்துவரிடம் காட்டினோம். இது தசைப்பிடிப்பே இல்லை. எக்ஸ்ரேயில் இரு பக்கத்தையும் ஒப்பிட்டுக் காட்டினார்; தொடையின் முன்தசை இடுப்பெலும்பைப் பற்றும் இடத்தில், வலப்பக்கம் மட்டும் நகக்கீற்றுப் போல ஓர் எலும்புத் துணுக்கு விலகி நின்றது. வளரும் வயதில் அந்த முனை இன்னும் குருத்தெலும்பால்தான் ஒட்டியிருக்கிறது. தசையும், அதை எலும்போடு கட்டும் நாணும் அந்தக் குருத்தெலும்பைவிட வலு. திடீரென்று உந்தும்போது, பெரியவர்களுக்குத் தசை கிழியும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு பெயரும்.

விலகல் குறைவு என்பதால் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. ஊன்றுகோலை விட்டுவிட்டான், படியேறுகிறான். "சில்வர் பீச் மணலில் மெதுவாக ஓடட்டுமா மாமா?" என்று நச்சரிக்கிறான். கால் புதையும் மணலில் இடுப்புத் தசைக்கு இரட்டை வேலை. முடியாது என்றுவிட்டேன்.

மகளுக்கு உட்காரும் எலும்பில் (பிட்டத்தின் அடியில்) வலி என்று கேட்டிருந்தவருக்கு: பின்தொடைத் தசை பற்றும் அந்த இடம் முழுதாக இணைய 20 வயதும் தாண்டலாம். சுளுக்கு எடுக்கும் முன் எக்ஸ்ரே எடுங்கள்.