உதவி: ‘பேன்’ என்று சொன்னாலும் ‘ஃபேன்’ என்றே எழுதுகிறது

தொடக்கப்பள்ளி_ஆங்கிலம்:
மூன்றாம் வகுப்புக்கு வோஸ்க் (பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்) வைத்து உச்சரிப்புப் பயிற்சி தருகிறோம். விண்டோஸ் லேப்டாப், புளூடூத் ஹெட்செட், அமெரிக்க ஆங்கில மாடல். ‘தி ஃபேன் இஸ் ஆன்’ வரியில் பிள்ளை ‘பேன்’ (pan) என்றாலும் ‘ஃபேன்’ (fan) என்று சரியாகவே விழுகிறது. ஆனால் ‘சிக்ஸ்’ என்று தெளிவாகச் சொன்னால் ‘சிக்’ வருகிறது. எங்கே பார்ப்பது?

ஒலிக்கோடு:
இரண்டும் வேறு வேறு கோளாறு. ‘சிக்ஸ்’ மைக்கில்தான் கெடுகிறது. புளூடூத் மைக்கை இயக்கினால் ஹெட்செட் அழைப்பு முறைக்கு மாறும். பழைய ஹெட்செட்டுகளில் அது 8 கிலோஹெர்ட்ஸ் பதிவு, அதில் பாதியான 4000 ஹெர்ட்ஸுக்கு மேல் எந்த ஒலியும் வராது. ‘ஸ்’ ஒலியின் பலமே அதற்கு மேலேதான், பிள்ளைகளிடம் இன்னும் உயரத்தில். கோப்பின் பதிவு வீதம் 16000 என்று காட்டினாலும் நம்பாதீர்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) திறந்து பாருங்கள். 4000க்கு மேல் வெறுமையாக இருந்தால் வயர் மைக்குக்கு மாறிவிடுங்கள். இரைச்சல் நீக்கியையும் அணையுங்கள், அது கடைசி ‘ஸ்’-ஐத் தின்னும். பொத்தானை விட்டபின் அரை விநாடி பதிவு தொடரட்டும்.

செங்காந்தள்:
‘பேன்’ விஷயம் மொழி மாதிரியால், அதாவது அடுத்தடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கும் பகுதியால் வருவது. ‘இஸ் ஆன்’ பக்கத்தில் இருந்தால் எது பொருந்துமோ அதையே எழுதும். எழுத்தாக்கத்துக்கு அது நல்லது, உச்சரிப்புக்கு ஆகாது. வரியை விட்டுத் தனிச்சொல் கொடுங்கள். நிரலில் ரெகக்னைசரை உருவாக்கும் வரியில் மூன்றாவது உள்ளீடாகச் சொற்பட்டியல் போடலாம்: fan, pan, அத்துடன் பட்டியலில் இல்லாத ஒலிக்கான ‘[unk]’. கடைசியதை விட்டால் இருமல்கூட இரண்டில் ஒன்றாகிவிடும். பட்டியல் எல்லா மாடல்களிலும் வேலை செய்யாது, சிறியவற்றில் செய்யும். இந்திய ஆங்கிலச் சிறிய மாடலையே எடுங்கள்: நம் பிள்ளைகள் ‘ப’வை மூச்சுக்காற்று இல்லாமல் சொல்வதால் அமெரிக்க மாடல் ‘பேன்’ என்பதை ‘ban’ பக்கம் தள்ளலாம். அது பிள்ளையின் பிழை அல்ல.

தொடக்கப்பள்ளி_ஆங்கிலம்:
வயர் மைக்கில் ‘சிக்ஸ்’ சரியாகிவிட்டது, நன்றி! வோஸ்க் ஒவ்வொரு சொல்லுக்கும் தரும் ‘கான்ஃப்’ (conf) எண்ணை மதிப்பெண்ணாகக் காட்டலாமா?

செங்காந்தள்:
தயவுசெய்து வேண்டாம். அது சொல்லைப் பற்றிய நம்பிக்கை, ஒலியின் தரம் இல்லை. சிறு பட்டியலில் பெரும்பாலும் 1-க்கு அருகிலேயே நிற்கும். ஒலிவாரியாக மதிப்பெண் வேண்டுமென்றால் விட், யங் இருவரும் 2000இல் எழுதிய ஜிஓபி (GOP, உச்சரிப்புத் தர மதிப்பீடு) முறை: எதிர்பார்த்த ஒலியைப் பதிவோடு பொருத்தி, போட்டி ஒலியோடு ஒப்பிடுவது. கால்டி என்ற பேச்சறிதல் கருவித்தொகுப்பில் அதற்கான நிரல் உண்டு. அதுவும் பெரியவர்கள் குரலில் பழகிய மாடல் என்றால் பிள்ளைகளுக்குக் குறைத்தே போடும். இரண்டு முறை தவறினால் சிவப்புக் குறி காட்டாமல் உங்கள் குரலில் பதிந்த சொல்லை ஒலிக்கவிடுங்கள். மேல்பல் கீழுதட்டில் படுகிறதா என்று நீங்களே பார்ப்பதுதான் ‘ஃப’வுக்கு விரைவான வழி.