டியூப்பிலிருந்து தீசிஸ் வரை: ஆய்வுத் தரவு எங்கே கெடுகிறது?

லேப் டெக்னீஷியன், கடலூர்
கணக்குப் போடுறதுக்கு முன்னாடி டியூப்லயே தரவு கெட்டுடும். காட்டுமன்னார்கோவில் பக்கம் முகாமில் எடுத்த ரத்தம் பஸ்ஸில் பாண்டி போய்ச் சேர மூணு மணி நேரம் பிடிக்கலாம். அணுக்களைத் தனியாப் பிரிக்காத ரத்தத்தில், அந்த அணுக்கள் சர்க்கரையைச் செலவழிச்சுக்கிட்டே இருக்கும். அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 5–7 சதவீதம் இறங்கும், மே மாத வெயிலில் இன்னும் வேகமா. சர்க்கரை இறங்காம இருக்க ஃப்ளோரைடு கலந்த சாம்பல் மூடி டியூப்பில் போட்டாச்சேன்னு நிம்மதியா இருக்காதீங்க. ஃப்ளோரைடு முழுசா வேலை காட்ட ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். எடுத்ததும் ஐஸ், அரை மணிக்குள் சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றிப் பிரிச்சுடணும். எடுத்த நேரம், பிரிச்ச நேரம் ரெண்டும் படிவத்தில் ஏறணும். இல்லேன்னா தொலைவான ஊரில் சர்க்கரை நோய் கம்மின்னு ஒரு "கண்டுபிடிப்பு" வரும்!

பிஜி (முதுநிலை மருத்துவ) கைடு, புதுவை
பொட்டாசியம் பார்க்கிற டியூப்பையும் அதே ஐஸில் வெச்சுடுவாங்க, அதையும் சொல்லுங்க. பிரிக்காத ரத்தம் குளிர்ந்தா பொட்டாசியம் ஏறிடும்.

தீசிஸ்களில் அடிக்கடி பார்க்கிறது: குழுவுக்கு 30 பேர். ஏன் 30? சீனியர் அப்படித்தான் செஞ்சார். ரெண்டு குழுவின் சராசரி வித்தியாசம் திட்ட விலக்கத்தில் (அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுதுங்கிற கணக்கு) பாதி அளவுன்னா, இல்லாத வித்தியாசத்தை இருக்குன்னு சொல்லும் வாய்ப்பை 5 சதவீதத்தில் வெச்சு, இருக்கிறதைக் கண்டுபிடிக்கும் திறன் 80 சதவீதம் ஆகக் குழுவுக்கு 64 பேர் வேணும். 30 பேரை வெச்சா, இருக்கிற வித்தியாசம் கண்ணில் படும் வாய்ப்பு பாதிக்கும் குறைவு. மருந்து வேலை செய்யலைன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க.

சிடிஆர்ஐ (இந்திய மருத்துவப் பரிசோதனைகளின் பதிவேடு) பதிவும் அப்படித்தான். எத்திக்ஸ் கமிட்டி கடிதம் வந்ததும் ஆள் சேர்த்துட்டு, அப்புறம் பதியலாம்னு நினைப்பாங்க. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிஞ்சாகணும்.

டேட்டா என்ட்ரி, பாகூர்
பி.பி. தரவு வந்ததும் கடைசி இலக்கத்தை மட்டும் எண்ணிப் பாருங்க. பாதரசக் கருவியில் 2 மி.மீ. இடைவெளி, 0, 2, 4, 6, 8 ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 20 சதவீதம் வரணும். 0 மட்டும் 60 சதவீதம்னா குத்துமதிப்பா எழுதியிருக்காங்க. எல்லாம் முடிஞ்சப்புறம் பார்த்துப் பிரயோஜனம் இல்லை. முதல் 50 படிவம் வந்ததுமே பார்த்தா, ஃபீல்டு ஆளுக்கு மறுபடி சொல்லிக்கொடுக்க நேரம் இருக்கும்.

லேப் டெக்னீஷியன், கடலூர்
கஃப் (பி.பி. பார்க்கக் கையில் சுற்றும் பட்டை) அளவையும் பாருங்க. பருத்த கைக்குச் சின்னக் கஃப் போட்டா பி.பி. கூடுதலாத்தான் காட்டும், அது இலக்கக் கணக்கில் மாட்டாது.