சிவகாசி டிசைன் வேலைக்கு 50,000-க்குள் கம்ப்யூட்டர்: இந்த ஐ7 கொட்டேஷனை நம்பலாமா?

அச்சுமை:

வணக்கம். சிவகாசியில வீட்டிலயே டிசைன் ஜாப் ஒர்க் பண்றேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டு அட்டை, சீசன்ல காலண்டர். கோரல் டிராவும் போட்டோஷாப்பும் நாள் பூரா திறந்தே இருக்கும். இப்ப இருக்கிற சிஸ்டத்துல 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். பத்திரிகைக்குச் சமாளிக்குது. 15க்கு 20 இஞ்ச் காலண்டர் ஃபைலைத் திறந்தா முடியல. முருகன் படத்துல கையில இருக்கிற வேலாயுதத்தை நகர்த்தினா, அது நகர்றதுக்குள்ள அடுப்புல பாலை இறக்கி வச்சுட்டு வந்துடலாம். போன சீசன்ல சேவ் ஆகும்போது கரண்ட் போய் மூணு நாள் வேலை அழிஞ்சுது. அந்த பிரஸ்காரர் கிட்ட போன்ல பேசினது இன்னும் மனசுல இருக்கு.

ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் மாதிரிகளோட புது ஆல்பம் போடுவாங்க. அதுக்கு முன்னாடியே டிசைன் எல்லாம் கைக்குப் போயிடணும், அதனால வைகாசிக்குள்ள மிஷின் வேணும். மானிட்டரும் சேர்த்து 50,000 வச்சிருக்கேன். ஒரு கடையில கொடுத்த கொட்டேஷன்: ஐ7-2600, எச்61 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்3 ரேம், ஜிடி 730 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 256 ஜிபி எஸ்எஸ்டி, கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை). எல்லாம் சேர்த்து 34,000. "ஐ7 அக்கா, பத்து வருஷத்துக்குக் கவலையே இல்லை"ன்னாங்க. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

திருப்புளி:

அக்கா, கொடுக்காதீங்க. கோயம்புத்தூர்ல பதினொரு வருஷமா அசெம்பிள் பண்றேன், இந்தக் கொட்டேஷனை வாராவாரம் பார்க்கிறேன்.

ஐ7ங்கிற பேரை விட்டுட்டு அதுக்குப் பின்னாடி இருக்கிற நம்பரைப் பாருங்க. 2600ன்னா இரண்டாம் தலைமுறை, 2011-ல வந்தது. எச்61 போர்டும் அதே வருஷத்து சரக்கு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்ல எட்டாம் தலைமுறையாவது வேணும், டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு வசதியும் வேணும். இந்த மிஷின்ல ரெண்டும் இல்லை. ஜிடி 730 2014-ல வந்த கார்டு, உங்க வேலைக்கு அது ஒண்ணும் செய்யாது.

உங்க கஷ்டம் எங்க இருக்குன்னு கணக்குப் போட்டுக் காட்டறேன். 15க்கு 20 இஞ்ச், 300 டிபிஐ. 4500 × 6000, அதாவது 2 கோடியே 70 லட்சம் பிக்சல். அச்சுக்கான நாலு நிற சிஎம்ஒய்கே-ல பிக்சலுக்கு 4 பைட். முழு அளவு லேயர் ஒண்ணுக்கே 108 எம்பி. சாமி, பின்னணி, பூ, கம்பெனி பேர்னு பத்து லேயர் போட்டா ஒரு ஜிபி தாண்டிடும். அதுக்கு மேல அன்டூ ஹிஸ்டரி வேற. 4 ஜிபி-ல விண்டோஸ் எடுத்தது போக மிச்சம் பத்தாம, போட்டோஷாப் ஸ்கிராட்ச் டிஸ்க்குன்னு உங்க ஹார்ட் டிஸ்க்ல எழுதி எழுதிப் படிக்குது. பால் பொங்கற நேரம் அங்கதான் போகுது. பிராசசர் பேருக்குக் கொடுக்கிற காசை ரேமுக்கும் எஸ்எஸ்டி-க்கும் கொடுங்க.

நான் கட்டிக்கொடுக்கிறதா இருந்தா: இன்டெல் ஐ5-12400, டிடிஆர்4 ரேம் போடற எச்610 போர்டு, 16 ஜிபி ஒரே ஸ்டிக், 500 ஜிபி என்விஎம்இங்கிற வேகமான எஸ்எஸ்டி. எச்610-ல ரேம் ஸ்லாட்டே ரெண்டுதான். எட்டும் எட்டும் போட்டா கொஞ்சம் வேகம் கூடும், உண்மைதான். ஆனா நாளைக்கு 32 ஆக்கணும்னா ரெண்டையும் கழட்டணும். 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியிருக்கிற ஏத்தத்துக்கு அப்படி வீணாக்க மனசு வராது. காலண்டர் பணம் வந்ததும் இன்னொரு 16 சொருகிக்கங்க. கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், 12400-க்குள்ளயே யுஎச்டி 730ங்கிற கிராபிக்ஸ் இருக்கு. ஏஎம்டி-யோட ரைசன் 5600ஜி-யும் சிலர் சொல்வாங்க, நல்ல சிப்தான். ஆனா கோரல் மாதிரி பிராசசர்ல ஒரே ஒரு கோர் (core) வேகத்தை நம்பி ஓடற வேலைக்கு 12400 ஒரு படி மேல.

கேபினெட்டோட ஓசியா வர்ற எஸ்எம்பிஎஸ் வேண்டவே வேண்டாம். 12400 முழு மூச்சுல ஓடினாலும் 117 வாட்தான் இழுக்கும், அதனால 450 வாட் தாராளம். 80 பிளஸ்ங்கிற மின்சிக்கன முத்திரையும் மூணு வருஷத்துக்குக் குறையாத வாரண்டியும் இருக்கான்னு மட்டும் பாருங்க.

மிச்சத்துல, சாய்ஞ்சு பார்த்தாலும் நிறம் அவ்வளவா மாறாத ஐபிஎஸ் பேனல் மானிட்டர். தலையைக் கொஞ்சம் சாய்ச்சாலே நிறம் மாறற டிஎன் பேனல்ல மஞ்சளும் குங்குமமும் பார்த்து எப்படி ஓகே சொல்வீங்க?

ஈபி_ராஜபாளையம்:

பார்ட்ஸ் பத்தி மேல சொன்னதே போதும். நான் கரண்ட் பத்திச் சொல்றேன் தங்கச்சி. 600 விஏ யுபிஎஸ் ஒண்ணு கண்டிப்பா வாங்கு. மூணு நாள் வேலை போனதுக்கு அஞ்சு நிமிஷ பேக்கப் இருந்திருந்தா போதும்.

இன்னொண்ணு. கேபினெட்டைத் தொட்டா விரல்ல சுர்ருனு இருக்கா? இருந்தா எர்த் இல்லைன்னு அர்த்தம். எஸ்எம்பிஎஸ்-க்குள்ள லைன்லயும் நியூட்ரல்லயும் இருந்து பாடிக்கு சின்ன கெப்பாசிட்டர் போட்டிருப்பாங்க. எர்த் இல்லாட்டி, பாடி சப்ளை வோல்டேஜ்ல பாதி அளவுல நிக்கும். கரண்ட் கொஞ்சமா வர்றதால தூக்கி அடிக்காது, ஆனா பென் டிரைவ், பிரிண்டர் கேபிள் சொருகும்போது போர்டு போகலாம். புது மிஷின் உள்ள வர்றதுக்கு முன்னாடி எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாத்துடு.

அச்சுமை:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சுர்ருனு இருக்கும் அண்ணாச்சி! ரொம்ப நாளா செருப்புப் போட்டுக்கிட்டுத்தான் வேலை பாக்கிறேன், எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான்னு நெனச்சேன்.

வேற கடையில தனித்தனியா விலை எழுதி வாங்கினேன். மானிட்டர், யுபிஎஸ் சேர்த்து 53,000 வருது. 12400எஃப் எடுத்தா குறையும்கிறாங்க. எடுக்கலாமா? டிரேன்னு ஒண்ணு இருக்காம், அது இன்னும் கம்மியாம்.

திருப்புளி:

எஃப் எடுக்காதீங்க அக்கா. அதுல கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு போடாம மானிட்டர்ல படமே வராது. அப்புறம் கார்டுன்னு ஆரம்பிப்பாங்க. டிரேன்னா பாக்ஸ் இல்லாம வர்ற சிப், அதுவும் வேண்டாம். பாக்ஸ்ல ஃபேனும் இன்டெல்லோட மூணு வருஷ வாரண்டியும் வரும், டிரேயில ரெண்டும் வராது. குறைக்கணும்னா கேபினெட்ல குறைங்க, லைட்டும் கண்ணாடியும் இல்லாத சாதாரணப் பெட்டி, முன்னாடி ஒரு ஃபேன் இருந்தா போதும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழட்டிப் புதுசுல மாட்டச் சொல்லுங்க, முடிஞ்ச வேலையை அதுல ஒரு காப்பி போட்டு வைக்கலாம். ஸ்கிராட்ச் டிஸ்க்கை மட்டும் எஸ்எஸ்டி-க்கு மாத்திடுங்க. பில்லுல ஒவ்வொரு பார்ட்டுக்கும் மாடலும் சீரியல் நம்பரும் எழுதி வாங்குங்க, வாரண்டிக்குப் போறப்ப அதைத்தான் கேப்பாங்க.

அச்சுமை:

சாதாரணப் பெட்டியில 50,800-க்கு முடிஞ்சுது. நேத்து எலக்ட்ரீஷியன் வந்து பிளக்கைக் கழட்டிப் பார்த்தார். எர்த் ஒயர் சுவத்துக்குள்ள சும்மா மடிச்சு விட்டிருக்காங்க, எங்கயும் மாட்டவே இல்லை. இன்னைக்கு எர்த்துக்குக் குழி தோண்டறாங்க. வியாழக்கிழமை மிஷின் வருது. அந்த முருகன் ஃபைலைத்தான் முதல்ல திறப்பேன்.