பால்வெட்டுப் பாட்டி படித்த டிஎன்ஏ சால்வை

நம் பின்னல் குழுவில் ஒரு தோழி, ரயிலில் பின்னிக்கொண்டு போனாலே "இந்த வெயிலுக்கு ஸ்வெட்டரா?" என்று கேட்கிறார்கள் என எழுதியிருந்தார். மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலும் இதே கேள்விதான். எனக்குத் தையல்கடை வேலை. ரவிக்கை தைக்க ஆள் வராத நேரத்தில் அஞ்சடியில் (கடை முன் நடைபாதையில்) நாற்காலி போட்டு உட்கார்ந்து பின்னுவேன். பருத்தி நூல், மூங்கில் ஊசி. நம் ஊர்ப் புழுக்கத்துக்குக் கம்பளி நூல் கையில் ஒட்டும்.

அக்கா மகள் உயிரியல் படிக்கப் போனாள். விரிவுரை மண்டபத்தில் ஏர்கான் குளிர் தாங்கவில்லை என்றாள். அவளுக்காக டிஎன்ஏ சால்வை தொடங்கினேன். 1953-இல் வாட்சனும் கிரிக்கும் அறிவித்த அந்த இரட்டைச் சுருளுக்கு ஒரு திசை உண்டு. நிமிர்த்திப் பிடித்தால் முன்னால் தெரியும் இழை இடமிருந்து வலமாக ஏறும், சாதாரணத் திருகாணியின் மரைபோல. இரண்டு இழைகளையும் ஏணிபோல இணைக்கும் படிகளில் ஏறக்குறைய 10 படிக்கு ஒரு சுற்று. அச்சிட்ட படங்களிலேயே இதை இடவலம் மாற்றிப் போட்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னலில் இது கேபிள் ஊசியை, அதாவது முறுக்குப் போடும்போது சில கண்ணிகளைத் தாங்கி நிற்கும் துணை ஊசியை, எந்தப் பக்கம் நிறுத்துகிறோம் என்பதைப் பொறுத்தது. எடுத்த கண்ணிகளைப் பின்பக்கம் நிறுத்தினால் முறுக்கு வலப்பக்கம் ஏறும், முன்பக்கம் நிறுத்தினால் இடப்பக்கம் சாயும்.

ரவிக்கை பிரிக்க வந்த பாட்டி ஒருவர் பாதி முடிந்த சால்வையை வாங்கி, கட்டைவிரலால் அந்த முறுக்கைக் கீழிருந்து மேலாகத் தடவினார். தோட்டத்தில் செம்பனை (எண்ணெய்ப்பனை) வரும்வரை ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை செய்தவர்.

"இது வெட்டுக்கோட்டுக்கு எதிர்ல போவுதேம்மா."

"எப்படிச் சொல்றீங்க பாட்டி?"

"நாங்க இடப்பக்கம் மேல வச்சு வலப்பக்கம் கீழ இழுப்போம். பட்டைக்குள்ள பால் ஓடுற பக்கம் இந்த மாதிரி. அதுக்குக் குறுக்கால வெட்டுனாத்தான் மங்கு நெறயும்."

மங்கு என்றால் பால் பிடிக்கும் கிண்ணம். பாட்டி சொன்னது அத்தனையும் சரி. ரப்பர் மரத்தின் பால்குழாய்கள் நேராக நிற்பதில்லை. சில பாகை வலப்பக்கம் சாய்ந்தே ஏறுகின்றன. சுமார் 30 பாகைச் சரிவில் எதிர்ப்பக்கமாக வெட்டினால் கூடுதல் குழாய்கள் திறக்கும். டிஎன்ஏ என்ற பெயரையே அந்தப் பாட்டி அன்றுதான் கேட்டார். ஆனால் அதன் திசையை அவருடைய விரல் ஒரே தடவலில் படித்துவிட்டது. சால்வையைப் பார்த்த படித்தவர்கள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தோட்டத்து வேலையை "படிக்காத வேலை" என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அதன்பிறகு பாட்டி அடிக்கடி வந்து உட்காருவார். அப்போது மழைச் சால்வை பின்னிக்கொண்டிருந்தேன். குளிர்நாடுகளில் தினம் ஒரு வரிசை, அன்றைய வெப்பத்துக்கு ஒரு நிறம் என்று பின்னுகிறார்கள். நமக்கு வருடம் முழுக்க ஒரே சூடு, அப்படிப் பின்னினால் ஒரே நிறம்தான் வரும். அதனால் கொல்லையில் மழைமானி வைத்து, மழை இல்லாத நாளுக்குச் சந்தன நிறம், 10 மில்லிமீட்டர் வரை இளநீலம், அதற்கு மேல் கருநீலம் என்று வைத்துக்கொண்டேன். அக்டோபர், நவம்பர் பகுதி கருநீலமாகவே இருந்தது.

பாட்டி அந்தப் பகுதியை மடியில் விரித்து, "இதுல விடியக்காலை மழை எது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. நாள் கணக்குதானே எடுத்திருந்தேன்.

"சாயங்காலம் எவ்வளவு கொட்டுனாலும் எங்களுக்குப் பரவாயில்ல பிள்ள. விடியக்காலையில பட்டை நனைஞ்சா வெட்டு கெடையாது. பால் கோட்டுல நிக்காது, மழைத்தண்ணியோட மரத்துமேலயே வழிஞ்சிடும். வெட்டு இல்லேன்னா பேரு இல்ல, பேரு இல்லேன்னா சம்பளம் இல்ல."

பேரு என்றால் அன்றைய வேலைக்கான வருகைப் பதிவு.

அந்தச் சால்வையை அப்படியே முடித்துப் பாட்டிக்குக் கொடுத்துவிட்டு, புதிதாகப் போர்வை தொடங்கியிருக்கிறேன். காலையிலும் இரவிலும் மழைமானி பார்க்கிறேன். போகும் வரிசை விடியற்கால மழை, திரும்பும் வரிசை பகல் மழை. எங்கள் பக்கம் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான், ஆகவே நீலம் அதிகமும் திரும்பும் வரிசையில் விழுகிறது. போகும் வரிசையில் நீலம் வந்தால் பாட்டியிடம் காட்டுகிறேன். அப்படிப்பட்ட நாளில் பெரட்டுக் களத்தில் (காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடும் இடத்தில்) என்ன நடக்கும் என்று சொல்கிறார், அதை நோட்டில் எழுதிக்கொள்கிறேன்.

கிழக்குக் கரையில், கிளந்தான், திரங்கானு பக்கம் யாராவது மழைக் கணக்கு பின்னுகிறீர்களா? பருவமழை மாதங்களில் உங்கள் இரண்டு வரிசையும் எப்படி வருகிறது என்று பார்க்க ஆசை. படம் போடுங்கள், பாட்டிக்கும் காட்ட வேண்டும்.